மாதிரி அக்கா

மழை கொட்டிக்கொண்டிருந்தது. பினாங்கின் இரண்டாம் பாலத்தின் நடுவில் முன்னால் போகிற லாரியின் சிவப்பு விளக்கைத் தவிர எதுவும் தெரியவில்லை. வைப்பர் இரண்டும் தலைதெறிக்க ஆடிக்கொண்டிருந்தன. காரை ஓட்டிக்கொண்டிருந்தவர் கண்ணாடிக்கு வெளியே உற்றுப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"கடல் பக்கம் நல்லா பேயுற மாதிரி இருக்கு, தம்பி."

என்னால் அடக்க முடியவில்லை. "மாதிரியாக்கா? நம்ம காடி இப்ப கடலுக்கு மேலதான் போகுது."

"அந்தப் பக்கத்தை நான் இன்னும் பார்க்கலையே," என்றார். கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அந்தப் பக்கத்தைப் பார்க்காததால்தான் சொன்னார்.

அலுவலகத்தில் அவருக்கு மாதிரி அக்கா என்று பெயர். வைத்தது நான்தான், பரப்பியது மற்றவர்கள். நானும் அவரும் ஜார்ஜ் டவுன்காரர்கள். வேலை கடலுக்கு அந்தப் பக்கம், பத்து காவான் தொழிற்பேட்டையில். என்னிடம் லைசன்ஸ் இருந்தது, கார் இல்லை. அவரிடம் இரண்டும் இருந்தன. அப்படித்தான் சில வருடங்கள் தினமும் காலையும் மாலையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பாலத்தைக் கடந்தேன். என்னைவிட அவருக்கு ஒரு வயது கூட இருந்தால் அதிகம். காதோரம் நரைத்திருந்ததால் அக்கா ஆகிவிட்டார். அவர் குடும்பம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து தலைமுறைகள் ஆகின்றன. அம்மாவோடு தொலைபேசியில் பேசும்போது மட்டும் "ஓம், ஓம்" என்று தலையாட்டுவார். எங்களோடு பேசுவது எங்கள் பினாங்குத் தமிழ்தான். பெயரை இங்கே எழுதவில்லை. எழுதினால் அவருக்குப் பிடிக்காது. "பிடிக்காத மாதிரி தோணுதுன்னு எழுது தம்பி" என்று அதையும் திருத்துவார்.

நான் அதற்கு நேர் எதிர். எதையும் கண்டவுடன் தீர்ப்புச் சொல்லிவிட வேண்டும் எனக்கு. முன்னால் ஒருவன் சிக்னல் போடாமல் வண்டியைத் திருப்பினால் அவன் பரம்பரையையே இழுப்பேன். அவர் பிரேக்கை மிதித்துவிட்டு, "விளக்கு எரியலையோ என்னவோ" என்பார்.

ஒரு வெள்ளிக்கிழமை மாலை, என் மனைவியும் நானும் அவரும் ஊருக்குள் ஒரு சின்னக் கோயிலுக்குப் போனோம். வெளியே வந்தால் அவர் செருப்பைக் காணோம். புதுச் செருப்பு. "தூக்கிட்டானுங்க," என்றேன் நான். அவர் படியில் உட்கார்ந்துவிட்டார். "கூட்டம் போகட்டும், பார்க்கலாம்." எங்களுக்கோ பசி. கூட்டம் கலையக் கலைய செருப்புகளும் குறைந்தன. கடைசியில் ஒரு ஜோடி மட்டும் மிஞ்சியது. அதே நிறம், அதே வார், ஆனால் ஓர் அளவு சின்னது.

"எடுத்த மாதிரி இருந்துச்சு. இப்ப மாறிப்போன மாதிரி இருக்கு," என்று அவர் முகம் மலர்ந்தது.

"சரி, இதையாச்சும் போட்டுட்டு வாங்கக்கா," என்றாள் என் மனைவி.

"அவங்க திரும்பி வந்தா?" என்று கேட்டுவிட்டு வெறுங்காலோடு காருக்கு நடந்தார். அந்தச் செருப்பு அடுத்த வெள்ளிக்கிழமையும் அங்கேயே கிடந்தது. பாதி உரிமையோடு அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

இதெல்லாம் கேட்க நன்றாக இருக்கும். கூட இருப்பவர்களுக்குச் சில நேரம் எரிச்சல் வரும். நான் எங்கள் நிறுவனத்தின் இயந்திரங்களுக்குக் கையேடு எழுதுகிறவன். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நடக்கும் என்று எழுதுவது என் வேலை, நடக்காவிட்டால் திட்டு வாங்குவதும் என் வேலை. ஒருமுறை நான் மாதக்கணக்காக எழுதிய கையேட்டை இன்னொருவர் வாடிக்கையாளர் முன்னால் தன் உழைப்பு போலக் காட்டிப் பாராட்டு வாங்கிக்கொண்டார். காரில் ஏறியதும் குமுறினேன். அக்கா பொறுமையாகக் கேட்டார்.

"நீ சொல்றது சரி மாதிரிதான் இருக்கு, தம்பி. ஆனா அவரையும் ஒரு வார்த்தை கேட்கணும்."

நண்பர் என்றால் அந்த இடத்தில் "பாவி, இப்படிச் செய்துட்டானா" என்று சொல்ல வேண்டாமா? ஒரு வாரம் வேறொருவர் காரில் போனேன். அந்த மனிதர் வழியெல்லாம் காப்புறுதித் திட்டம் பற்றியே பேசியதால் அடுத்த வாரம் வெட்கத்தை விட்டுத் திரும்பி வந்தேன். அக்கா எதுவும் கேட்காமல் பக்கத்து இருக்கையில் இருந்த பையை எடுத்துப் பின்னால் வைத்தார்.

நான் சொல்ல வந்தது நசீர் விஷயம்.

எங்கள் நிறுவனம் செய்வது ஒரு சோதனை இயந்திரம். தொழிற்சாலையில் மின்சுற்றுப் பலகைகள் வரிசையாக வரும். எங்கள் கேமரா ஒவ்வொன்றையும் படமெடுத்து, நல்லதை அனுப்பிவிட்டுக் கெட்டதைத் தள்ளிவிடும். அதை ஓட்டும் நிரலை எழுதும் குழுவில் மாதிரி அக்காதான் மூத்தவர். குழுத்தலைவர் நாற்காலி காலியாக இருந்தது, அது அவருக்குத்தான் என்று எல்லோரும் நினைத்தோம். நசீர் ஒப்பந்தத்தில் சேர்ந்த பொறியாளன். ஊருக்குள் அவன் மாமா நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிறார். கடையைப் பார்த்துக்கொள்ள மாட்டேன், படித்த வேலைதான் செய்வேன் என்று மாமாவோடு சண்டை போட்டு வந்தவன். மனைவியோடு பத்து காவானில் வாடகை வீடு பிடித்திருந்தான். ஒப்பந்தம் முடியப்போகிறது, புதுப்பிப்பார்களா என்று தினமும் என்னிடம் கேட்பான், ஏதோ நான்தான் கையெழுத்துப் போடுகிறவன் போல.

அந்த நேரம் பார்த்து ஒரு வாடிக்கையாளரிடமிருந்து புகார் வந்தது. காலையில் இயந்திரம் நன்றாக ஓடுகிறது. மத்தியானத்துக்கு மேல் தள்ளாடுகிறது. சாயங்காலம் அப்படியே நின்றுவிடுகிறது. அணைத்துப் போட்டால் மறுபடியும் ஓடுகிறது. பார்த்தால், நிரல் பிடித்துக்கொள்ளும் நினைவகம் நேரம் ஆக ஆக ஏறிக்கொண்டே போகிறது. ஒரு நிரல் ஓடும்போது கணினியிடம் நினைவகம் வாங்கிக்கொள்ளும், வேலை முடிந்ததும் விட்டுவிட வேண்டும். விடாமல் வாங்கிக்கொண்டே போனால் அதை மெமரி லீக் என்பார்கள்.

படங்களைத் திறந்து விரிக்கும் பகுதியை அண்மையில் மாற்றி எழுதியவன் நசீர். அதனால் எல்லோர் கண்ணும் அவன் மேல் போயிற்று. பயந்துபோனவன் ஒரு சோதனைக் கருவியை ஓட்டிப் பார்த்தான். நினைவகத்தில் பெரும்பகுதி எங்கள் வரிகளில் உருவாகவில்லை, நிரல்மொழியோடு சேர்ந்து வரும் ஸ்டாண்டர்ட் லைப்ரரியில் உருவாகிறது என்று கருவி காட்டியது. லைப்ரரி என்பது ஆயத்தப் பாகங்கள். உலகம் முழுக்க நிரல் எழுதுகிறவர்கள் அதிலிருந்து எடுத்துப் போட்டுக்கொள்வார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர்களில் பலர் சம்பளம் வாங்காமல், ஓய்வு நேரத்தில் செய்கிறவர்கள்.

மேனேஜருக்கு வாயெல்லாம் பல். "லைப்ரரியில லீக். நம்ம தப்பு இல்ல. அவங்க வெப் பக்கத்துல ஒரு புகார் போட்டு, அதை அப்படியே கஸ்டமருக்கு அனுப்பிடலாம்." நசீரும் நிம்மதியாக மூச்சு விட்டான்.

"லீக் மாதிரி தெரியுது பாஸ். கொஞ்சம் பார்த்துட்டுச் சொல்றேன்," என்றார் மாதிரி அக்கா.

மேனேஜர் முகத்தில் பற்கள் மறைந்தன.

அன்று மாலை காரில் நான் கெஞ்சினேன். லைப்ரரி இல்லை என்றால் அடுத்தது நசீர்தானே என்றேன். "லைப்ரரின்னே விட்டுடுங்கக்கா. லைப்ரரிக்கு என்ன பொண்டாட்டி பிள்ளையா இருக்கு?"

"லைப்ரரிக்கு இல்ல. எழுதினவங்களுக்கு இருக்கும்லா."

"அவங்க எங்கேயோ இருக்காங்க. நசீர் இங்க, நம்ம கண்ணு முன்னால இருக்கான்."

டோலில் வண்டியை நிறுத்தி அட்டையைக் காட்டினார். பிறகு, "அது எனக்கும் தெரியுது தம்பி. சோறு இறங்கல," என்றார். எனக்கு அவர்மேல் கோபமும் வந்தது, இரக்கமும் வந்தது.

மறுநாள் லைப்ரரியின் அந்தப் பாகத்தை மட்டும் தனியாக எடுத்து, எங்கள் நிரல் எதுவும் தொடாமல், அதற்குப் படத்துக்கு மேல் படமாகக் கொடுத்துக்கொண்டே இருந்தார். திரையில் கோடு ஏறியது. நாங்கள் சுற்றி நின்றோம். "பார்த்தீங்களாக்கா, ஏறுது, ஏறுது," என்று நசீர் குதித்தான்.

"ஏறட்டும். நிக்குதா பார்ப்போம்."

இதுதான் அவர் வழக்கம். எது ஏறினாலும் பயப்பட மாட்டார், நிற்கிறதா என்று பார்ப்பார். நாங்கள் போய் தே தாரிக் டீ குடித்துவிட்டு வந்தோம். கோடு ஓர் உயரத்துக்குப் போய் அங்கேயே படுத்திருந்தது. எவ்வளவு நேரம் பார்த்தாலும் அதற்குமேல் ஏறவில்லை. நசீர் முகம் செத்துவிட்டது.

"நசீர், உங்க மாமா மத்தியானக் கூட்டத்துக்கு வாசல் நடைபாதையில மேசை போடுவாருல்ல?" என்று கேட்டார்.

"ஆமாக்கா."

"கூட்டம் போனதும் மேசையை எடுத்து உள்ள வைப்பாரா?"

"வைக்க மாட்டாரு. சாயங்காலம் மறுபடி வேணும்லா."

"பார்க்கிறவனுக்கு இவ்வளவு இடம் பிடிச்சிருக்காரேன்னு தோணும். ஆனா நாளுக்கு நாள் மேசை கூடலை. லைப்ரரியும் அப்படித்தான் செய்யுற மாதிரி இருக்கு. அடுத்த படத்துக்கு இடம் வச்சிருக்கு. லீக் இல்ல."

நசீர் திரையிலிருந்து திரும்பினான். "அப்போ நான்தானாக்கா?"

"அப்படி நான் சொல்லலையே."

"நீங்க சொல்லாட்டி பாஸ் சொல்லுவாரு," என்று சொல்லிவிட்டுப் போனான். அவன் சொன்னதில் தவறில்லை. அன்றிலிருந்து மத்தியானச் சாப்பாட்டுக்கு எங்கள் மேசைக்கு வருவதை நிறுத்திவிட்டான். அவர் அவனுக்காக ஒரு நாற்காலியை ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார்.

மேனேஜர் எதிர்பார்த்தபடியே சொன்னார். "அப்போ நசீர். அவன் கை வச்சதுக்கு அப்புறம்தானே வந்துச்சு?"

"அப்புறம் வந்துச்சு பாஸ். அதனாலதான் வந்துச்சான்னு தெரியாது."

"எனக்கு வெள்ளிக்கிழமை அவன் காண்ட்ராக்ட் பேப்பரை மேல அனுப்பணும். ஒரு பேரு வேணும்."

"வெள்ளிக்கிழமை இன்னும் வரலை பாஸ்."

இப்படியும் அவரால் பேச முடியும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அவர் அதற்குப் பிறகு கேட்ட கேள்வி வேறு. நசீரின் கருவி, நினைவகம் எங்கே உருவானது என்று மட்டும்தான் சொல்லும். அதை இன்னும் விடாமல் வைத்திருப்பது யார் என்று சொல்லாது. நினைவகத்தைவிட்டுப் போகாமல் தங்கிவிட்ட ஒரு படத்தை அவர் எடுத்துக்கொண்டு, அதை யார் பிடித்திருக்கிறார்கள், அந்த ஆளை யார் பிடித்திருக்கிறார்கள் என்று ஒவ்வொரு படியாகப் பின்னால் போனார். வாய் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். வியாழக்கிழமை சாப்பிடக் கூப்பிடப் போனபோது அந்த முணுமுணுப்பு நின்றிருந்தது. திரையைப் பார்த்தேன். நிரல் எனக்கு அவ்வளவாகப் புரியாது, ஆனால் கடைசி வரியில் இருந்த பெயர் தெரிந்தது. என் கையேட்டில் அதற்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கி, ஆகா ஓகோ என்று எழுதியிருந்தேன்.

அது அவருடைய பிழைப் பெட்டி.

அவர் இந்த நிறுவனத்தில் சேர்ந்த புதிதில், சோதனைப் பிரிவில் இருந்த ஒரு பெண்மேல் ஒரு பிழையைச் சுமத்தினார்களாம். அந்தப் பெண் அழுதுகொண்டே வேலையை விட்டுப் போனாள். பிறகுதான் பிழை வேறிடத்தில் என்று தெரிந்ததாம். இனி யாரையும் ஊகத்தில் தண்டிக்கக் கூடாது என்று இவர் ஒரு பெட்டி எழுதினார். நிரலில் எங்கே பிழை வந்தாலும், அது வந்த கணத்தில் சுற்றியிருந்த அத்தனையோடும் சேர்த்து அதைப் பெட்டி எடுத்து வைத்துக்கொள்ளும். சாட்சிக்கு. அப்போதெல்லாம் பிழைகள் எப்போதாவதுதான் வரும், பெட்டி காலியாகவே கிடந்தது. நசீர் எழுதிய புதுப் பகுதி, படம் மங்கலாக இருந்தால் சின்னதாக ஒரு பிழையைக் கிளப்பி, மறுபடியும் படம் எடுக்கச் சொல்லும். முறையான வழிதான், லைப்ரரியே அப்படித்தான் செய்யச் சொல்கிறது. ஆனால் பெட்டி அந்தச் சின்னப் பிழை ஒவ்வொன்றையும், அந்தப் பெரிய படத்தோடு சேர்த்துக் கட்டிப்பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அவர் மேனேஜரிடம் போகவில்லை. முதலில் நசீரைக் கூப்பிட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார வைத்து, படிப்படியாகக் காட்டினார். நசீருக்குப் புரிய அதிக நேரம் ஆகவில்லை. புரிந்ததும் அவன் கண் கலங்கிவிட்டது. கதவு மூடியிருக்கிறதா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, மெதுவாகச் சொன்னான்.

"அக்கா, இதை நாம மூணு பேருதான் பார்த்திருக்கோம். பெட்டியைக் கமுக்கமா சரி பண்ணிடுவோம். பாஸ்கிட்ட லைப்ரரின்னே சொல்லிடலாம். எனக்கும் தொந்தரவு இல்ல, உங்களுக்கும் இல்ல. நீங்க லீடர் ஆக வேண்டியவங்கக்கா."

நான் உள்ளுக்குள், சரியென்று சொல்லுங்கள் அக்கா, சரியென்று சொல்லுங்கள் என்று வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவர் நசீர் தோளைத் தட்டினார். "வா, முதல்ல சாப்பிடுவோம். நீ வந்து எவ்வளவு நாளாச்சு."

வெள்ளிக்கிழமை கூட்டம் எதிர்பார்த்ததைவிடச் சுருக்கமாக முடிந்தது. மேனேஜர் நசீரைப் பார்த்துக்கொண்டே, "சரி, யாரு?" என்றார். மாதிரி அக்கா எழுந்து நின்றார். வழக்கமாக உட்கார்ந்துதான் பேசுவார்.

"லைப்ரரியில லீக் இல்ல பாஸ். நசீர் எழுதினதும் சரி. பிடிச்சு வச்சிருந்தது நான் எழுதின பெட்டி. தப்பு என்னோடது."

அவர் வழக்கமாகப் போடும் சொல்லுக்குக் காத்திருந்தேன். அந்தச் சொல் வரவில்லை.

மேனேஜருக்கே சங்கடமாகிவிட்டது போலும். "இல்ல, நசீர் அவ்வளவு பிழையைக் கிளப்பாம இருந்திருந்தா இது வந்திருக்காதுல்ல? ரெண்டு பேருக்கும் பங்குன்னு..."

"பங்கு இல்ல பாஸ். என்னோடதுதான். திருத்தியாச்சு, ஓட விட்டுப் பார்த்தாச்சு, கோடு நிக்குது."

நசீர் தலையைக் குனிந்துகொண்டான். அவன் ஒப்பந்தம் அன்று மத்தியானமே மேலே போய், நல்லபடியாகத் திரும்பி வந்தது. குழுத்தலைவர் நாற்காலி சில வாரங்களில் வேறொருவருக்குப் போனது. வாடிக்கையாளர் முன்னால் தலைகுனிய வைத்தவரை எப்படி உயர்த்துவது என்று மேனேஜர் காரணம் சொன்னாராம். எனக்கு ரத்தம் கொதித்தது. இன்றும் நினைத்தால் கொதிக்கிறது. அவரோ புதுத் தலைவருக்குப் பெட்டி எப்படி வேலை செய்கிறது என்று நிதானமாக விளக்கிக்கொண்டிருந்தார்.

வருட முடிவில் அவருக்குக் கூலிம் நகரில் ஒரு வேலை கிடைத்தது. நசீர் பிரிவு விருந்துக்கு மாமா கடையிலிருந்து ஒரு பாத்திரம் நிறைய மீன் தலைக் கறி கொண்டுவந்தான். மாமாவோடு சமாதானம் ஆகிவிட்டதா என்று கேட்டேன். "அக்காவுக்குன்னு சொன்னேன், குடுத்துட்டாரு," என்றான். பரிமாறும்போது அவருக்கு மட்டும் இரண்டு முறை போட்டான்.

அன்று மாலை கடைசியாக அவர் காரில் பாலத்தைக் கடந்தேன். வானம் தெளிவாக இருந்தது. மழை இருந்தால் பேசுவதற்கு ஏதாவது இருந்திருக்கும். பாதி தூரம் போனதும் என்னால் பொறுக்க முடியவில்லை.

"அந்த மேனேஜர் காத்துக்கிட்டு இருந்தாருக்கா. உங்களுக்கு அந்த நாற்காலியைக் குடுக்கக் கூடாதுன்னே இருந்தாரு. நீங்களா வாய்ப்பைத் தூக்கிக் கையில குடுத்தீங்க."

அவர் சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். "அப்படி மாதிரிதான் தெரியுது. ஆனா அவர்கிட்ட நான் கேட்கலையே."

"இவருக்கும் மாதிரியா? வழியில போறவனுக்கு மாதிரி, லைப்ரரிக்கு மாதிரி, நசீருக்கு மாதிரி. அன்னைக்கு அந்த ரூம்ல உங்களுக்குன்னு வர்றப்ப மட்டும் ஏன்கா அந்த வார்த்தையைப் போடலை?"

என் குரல் உடைந்திருந்தது. அது அவருக்கும் கேட்டிருக்கும். ஒருமுறை என் பக்கம் திரும்பிச் சிரித்துவிட்டு மறுபடியும் சாலையைப் பார்த்தார்.

"அதை நான் பார்த்துட்டேன்லா, தம்பி."